கணவாய்க்குப் போகாத கம்பளி

ரொம்ப காலத்துக்கு முந்தி முகிலடி என்கிற மலைநாட்டை உக்கிரவேள் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று சொல்வார். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும்.

அந்த நாடு சமவெளிச் சக்கரவர்த்திக்கு அடங்கிக் கிடந்தது. உப்புக்கு வரி, விறகுக்கு வரி, கடைசியில் பிணத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகவும் வரி என்று ஆனபோது ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார்கள். வரி வாங்க வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். ராஜாவும் அவர்கள் பக்கம் சேர்ந்து, "இனி நமக்கு மேலே ஒருத்தன் இல்லை" என்று முரசறைந்தார். சக்கரவர்த்தியின் படை கிளம்பியது.

மலைக்குள் நுழைய ஒரே வழி வடக்குக் கணவாய். "அங்கே முந்நூறு பேர் பங்குனி வரை நின்றால் போதும், எவனும் ஏறிவர முடியாது. அதற்குள் தானியம் தீர்ந்து அவர்களே திரும்பிவிடுவார்கள்" என்று யோசனை சொன்னவர், வேடிக்கைப் பேச்சுக்குப் பேர்போன மந்திரி ஆனந்தக்கூத்தர். ராஜா மெச்சிப்போய் விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்து வயிறெரிந்தவர் பண்டகசாலை அதிகாரி பதுமநாபர். படைக்கு உடுப்பும் வெடிமருந்தும் அனுப்புவது அவர் பொறுப்பு. கணவாய் விழுந்தால் மந்திரியும் விழுவார் என்று நினைத்தார் அந்த மனிதர்.

காவலுக்குப் போனவர்கள் எல்லாம் குடியானவர்கள், கட்டிய வேட்டியோடு போனவர்கள். நாட்டுப் பெண்கள் அவர்களுக்காகக் கம்பளி நெய்து, ஓரத்தில் கறுப்புக் கோடு வைத்துக் கொடுத்தார்கள். பதுமநாபர் அதைத் தன் கிடங்கில் அடைத்துவிட்டு, மெல்லிசான சிவப்புப் பருத்தி அங்கிகளை அனுப்பினார்.

மார்கழியில் உறைபனி இறங்கியது. ஆட்கள் விறைத்துச் சாகிறார்கள் என்று சேதி வந்தது. மந்திரி அதைச் சபையில் சொன்னார்.

"பிரபு தேர்ந்தெடுத்த நிறமல்லவா அந்தச் சிவப்பு?" என்றார் பதுமநாபர். "அதைப் போட்டுக்கொண்டும் குளிர் என்கிறவன் சண்டைக்குப் பயந்தவன்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி என் சபையில் குளிர் என்று சொல்கிறவன் தலை இருக்காது. உடுப்பைக் குறை சொன்னாலும் அதே தண்டனைதான். கூத்தரே, நீர் பெரிய புத்திசாலியாயிற்றே. அந்த வார்த்தையைச் சொல்லாமல் நிரூபியும், பார்ப்போம்."

மறுநாள் கூத்தர் சிரித்த முகமாக வந்தார். "பிரபு, அந்தச் சிவப்பு அங்கியை நாம் எல்லோரும் உடுத்திக்கொண்டு, கோட்டை மதில்மேல் கொடி வணக்கம் செய்தால் என்ன? தாங்கள் முன்னால் நிற்க வேண்டும்."

"அப்படியே பீரங்கியும் முழங்கட்டும்" என்றார் ராஜா. கொடி தைக்கவும் அங்கி தைக்கவும் எட்டு நாள் வேண்டும் என்றார்கள். மந்திரிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வருஷமாகப் போயிற்று.

எட்டாம் நாள் விடியற்காலை மதில்மேல் காற்று ஊசியாய்க் குத்தியது. ராஜாவின் பல் தந்தியடித்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதே, ஆணையிட்டவர் அவர்தானே.

"கூத்தரே, இன்றைக்குக் காற்று கொஞ்சம்..."

"காற்றா, பிரபு? நான் கவனிக்கவில்லையே" என்றார் மந்திரி. அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பதுமநாபர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்றார்.

"எல்லோரும் கையை உயர்த்தி வணங்குவோம்" என்றார் மந்திரி. உயர்த்தியதும் அங்கிகள் அக்குளில் பர்ரென்று கிழிந்தன. பதுமநாபரின் கிழிசலுக்குள்ளே கறுப்புக் கோடு போட்ட கம்பளி தெரிந்தது.

"இது எதற்கு?" என்று கேட்டார் ராஜா.

பதுமநாபர் வாயைத் திறந்தார், மூடினார். காரணம் சொன்னால் தலை போகும். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பீரங்கிக்காரன் திரியைப் பற்றவைத்தான். பீரங்கி முழங்கவில்லை, புஸ்ஸென்று புகைந்தது. அவன் மருந்தைத் தோண்டி உள்ளங்கையில் காட்டினான். பாதிக்குமேல் செங்கல் பொடி.

"இதை வைத்துக்கொண்டா அவர்கள் அங்கே நிற்கிறார்கள்?" ராஜாவின் குரல் இறங்கிவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட வந்தார்.

"முதலில் கணவாய்க்குப் போவோம், பிரபு" என்றார் கூத்தர்.

கிடங்கைத் திறந்து கம்பளிகளையும், கோட்டையில் பழைய இருப்பாகக் கிடந்த நல்ல வெடிமருந்தையும் கட்டினார்கள். பதுமநாபர் வெறும் சிவப்பு அங்கியோடு மூட்டை சுமந்து முன்னால் நடந்தார். ராஜாவும் இரண்டு நாள் நடந்தார்.

கணவாயில் தலைக்காவலன் வேலாண்டி எதிரே வந்து கும்பிட்டான். எழுபது பேர் உயிரோடிருந்தார்கள். மற்றவர்களைப் பாறையோரம் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பனிக்கு நடுவில் சிவப்பு எடுப்பாகத் தெரிந்தது.

ராஜா வேலாண்டியிடம் திரும்பினார். "கீழே இறங்கி வந்திருக்கக் கூடாதா, அப்பா?"

"புறப்படத்தான் இருந்தோம், ராஜா. கம்பளி கிளம்பிவிட்டது, இன்னும் சில நாள் தாங்குங்கள் என்று ஓலை வந்தது. சரி என்று இருந்துவிட்டோம்."

"யார் எழுதின ஓலை?"

வேலாண்டி தயங்கினான். "மந்திரி ஐயா முத்திரை போட்டிருந்தது."

பனி இறங்கிய புதிதில், கம்பளி வண்டிகள் போய்விட்டன என்று பதுமநாபர் சொன்னதை நம்பி, சந்தோஷத்தோடு கூத்தர் எழுதிய ஓலை அது. எழுபது பேருக்கும் போர்த்தியபின் கம்பளி நிறைய மிஞ்சியது. கூத்தர் அதை எடுத்துக்கொண்டு பாறையோரம் போய், ஒவ்வொருவராகப் போர்த்திவிட்டு வந்தார். முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

பின்னால் அனுப்பிய ஆட்களும் சேர்ந்து பங்குனி வரை கணவாயைக் காத்தார்கள். சக்கரவர்த்தியின் படை திரும்பிப் போயிற்று, நாடு பிழைத்தது. மந்திரியின் சாமர்த்தியத்துக்காக ராஜா ஏழு ஊர்களை எழுதிக் கொடுத்தார். கூத்தர் அவற்றைச் செத்தவர்களின் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் சபைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை.