கரை நடுவுல ரெண்டு பல்லக்கு

முன்னொரு காலத்துல ஒரு ராஜா இருந்தாரு. அவருக்கு இந்தக் கதையில வேலை ஒண்ணும் இல்ல, அவரு பாட்டுக்குத் தூங்கட்டும். அவரோட ராஜ்ஜியத்துல ஒரு ஏரி இருந்துச்சு பாருங்க, அதுதான் நமக்கு வேணும்.

ஏரிக்கு இந்தப் பக்கம் கொன்றைமேடு. அந்தப் பக்கம் ஆவாரங்குடி. ரெண்டு ஊருக்கும் நடுவுல, ஏரிக்குக் குறுக்கால, நீளமா ஒரே ஒரு மண் கரை. ஒரு பல்லக்கு வந்தா எதிர்ப் பல்லக்கு வர முடியாது. அவ்வளவுதான் அகலம். ரெண்டு பக்கமும் ஆளை முழுங்கற ஆழம்.

ரெண்டு ஊருக்காரங்களுக்கும் ஒரே பெருமை. என்ன பெருமை? நெல்லா? இல்ல. மாடா? இல்ல. மரியாதை! எங்களை மாதிரி மரியாதை தெரிஞ்சவங்க ஈரேழு லோகத்துலயும் இல்லன்னு இவங்க சொல்லுவாங்க. அதையேதான் அவங்களும் சொல்லுவாங்க.

கொன்றைமேட்டு விருந்துக்கு நீங்க போயிருக்கணும். இலை போட்டு, சோறு போட்டு, குழம்பு ஊத்தியாச்சு. "நீங்க கை வைங்க"ன்னு இவரு சொல்லுவாரு. "நீங்க முதல்ல"ன்னு அவரு சொல்லுவாரு. வரிசை முழுக்க இப்படியே போகும். கடைசியில காக்காதான் முதல் வாய் சாப்பிடும். அதுக்கு மரியாதை தெரியாது, வயிறு நிறைஞ்சுது.

அதே ஊர்ல ஒரு திருடன் வந்த கதையும் இருக்கு. கூரையைப் பிரிச்சு குதிச்சான். வீட்டுக்காரரு முழிச்சுக்கிட்டாரு. "வாங்க வாங்க, உக்காருங்க, தூரத்துல இருந்து வர்றீங்களா? அடியே, ஐயாவுக்கு ஒரு செம்பு மோர் கொண்டா!"ன்னாரு. திருடன் மோரைக் குடிச்சான், வெக்கப்பட்டான், பிரிச்ச கூரையை அவனே வேஞ்சு குடுத்துட்டுப் போனான். சரி, அவன் போகட்டும். நம்ம கதைக்கு வருவோம்.

இந்தக் கரை மேல நடக்கறதுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்ல யாராவது வந்தா, "நீங்க முதல்ல போங்க"ன்னு சொல்லணும். நடந்து வர்றவங்கன்னா ஒருக்களிச்சு நின்னு எப்படியோ போயிடுவாங்க. ஆனா முந்திக்கிட்டுப் போனவனுக்கு மரியாதை தெரியாதுன்னு பேரு நின்னுடும். அந்தக் காலத்துல ஆவாரங்குடிக்காரர் ஒருத்தருக்கு, பாவம், திடீர்னு வயித்தைக் கலக்கிடுச்சு. எதிர்ல வந்தவரு "நீங்க போங்க"ன்னதும், "சரி"ன்னு சொல்லிட்டு ஒரே ஓட்டம். அவ்வளவுதான். அவரு பேரன் பேத்தி வரைக்கும் 'முந்திப் போனவர் வீடு'ன்னுதான் பேரு.

இப்ப வடிவைப் பத்திச் சொல்லணும். வடிவு கொன்றைமேட்டுப் பொண்ணு. வாயும் இருக்கு, மூளையும் இருக்கு. அவளை ஆவாரங்குடி குமரேசனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தாங்க. பெரியவங்க பண்ணினதுதான், ஆனா வடிவு அதுக்கு முன்னாடியே அவனை மனசுல முடிச்சு வெச்சிருந்தா.

எப்படின்னு கேளுங்க. தேர்த் திருவிழாக் கூட்டத்துல ஒருத்தன் அவ காலை மிதிச்சுட்டான். நல்லா நறுக்குன்னு. திட்டறதுக்கு வாயைத் திறந்தா, அவன் சட்டுனு குனிஞ்சு, முன்ன பின்ன தெரியாத பொண்ணு காலைத் தொடக் கூடாதுன்னு, அவ நின்ன மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அத்தனை இடிபாட்டுல! பின்னாடி இருந்து ஆளுங்க அவன் முதுகு மேலயே ஏறிப் போறாங்க. வடிவுக்குக் கால் வலி போச்சு. மனசும் கூடவே போச்சு.

அந்தக் கல்யாணம் நல்லபடியா நடக்கணுமே? குமரேசனுக்கு ஒரு அத்தை மக இருந்தா. அவன் அப்பாவுக்கு அந்த உறவு விட்டுப் போகுதேன்னு வருத்தம். அதனால ஒரே ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருந்தாரு: "முகூர்த்தத்துக்குள்ள பொண்ணு வந்து சேரணும். வரலேன்னா போட்ட பந்தலை வீணாக்க மாட்டேன். எங்க அக்கா மகளை மணையில உக்கார வெச்சிடுவேன்."

கல்யாணத்தன்னிக்கு விடிஞ்சதும் வடிவைப் பல்லக்குல ஏத்தினாங்க. மேளம் முன்னாடி, பல்லக்கு நடுவுல, ஊர் ஜனம் பின்னாடி. எல்லாருக்கும் முன்னால அவ தாய்மாமா தாண்டவராயன், தலையில பெரிய பட்டுத் தலைப்பாகையோட.

பாதிக் கரை வந்திருப்பாங்க. எதிர்ல பீப்பீன்னு ஒரு சத்தம். வடிவு திரையை ஓரமா விலக்கிப் பார்த்தா. என்னத்தைச் சொல்ல! இன்னொரு மேளம், இன்னொரு பல்லக்கு, இன்னொரு ஊர்வலம். ஆவாரங்குடிப் பொண்ணு ஒருத்தி, பேரு செங்கமலம், அதே முகூர்த்தத்துக்குக் கொன்றைமேட்டுக்கு வாழ்க்கைப்பட வர்றா. அவங்களுக்கு முன்னால அவ பெரியப்பா வீரபாகு.

ரெண்டு பெரியவங்களும் கையைக் கூப்பினாங்க.

"வணக்கமுங்க. நீங்க முதல்ல போங்க."

"ஐயையோ, அது எப்படிங்க? நீங்க பெரியவங்க, நீங்க போங்க."

"வயசுல நீங்கதானுங்களே பெரியவங்க. மீசையைப் பார்த்தாலே தெரியுதே."

"மீசை கவலையில நரைச்சதுங்க. வயசுல இல்ல."

வடிவுக்கு உள்ள புழுங்குது. மாலை கழுத்தை அறுக்குது, ஒட்டியாணம் இடுப்பைக் கடிக்குது. கல்யாணப் பொண்ணு வழியில வாயைத் திறக்கக் கூடாது, தலையை நிமித்தக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. தலை குனிஞ்சுதான் இருந்துச்சு. வாய்தான் நிக்கல. பல்லக்குத் தூக்கற முனியனை மெல்லக் கூப்பிட்டா.

"முனியண்ணே, அங்க என்ன நடக்குது?"

"பெரியவங்க மரியாதை பண்ணிக்கறாங்க ஆத்தா."

"எப்ப முடியும்?"

"எங்க அப்பாரு காலத்துல ஒண்ணு ஆரம்பிச்சுது ஆத்தா. இன்னும் முடியல."

முதல்ல பேசிப் பார்த்தாங்க, தீரல. ரெண்டாவதா மேளத்துக்கிட்ட விட்டாங்க. ரெண்டு நாயனக்காரங்களும் வாசிக்கட்டும், எவரு நிறுத்தறாரோ அவரு பக்கம் முதல்ல போகட்டும்னு. வாசிச்சாங்க வாசிச்சாங்க, கன்னம் பூசணிக்காய் ஆகற வரைக்கும் வாசிச்சாங்க. நிறுத்தினா நம்ம ஊர்தானே முந்திப் போகணும்? யாரும் நிறுத்தல. ஏரியில இருந்த கொக்குதான் எழுந்து போயிடுச்சு.

மூணாவதா நடந்ததைக் கேட்டா சிரிப்பீங்க. தாண்டவராயன் யோசிச்சாரு. "இவங்களுக்கு வழி விட்டே ஆகணும். எல்லாரும் பின்னாடி நகருங்க!"ன்னாரு. பல்லக்கு பின்னால போச்சு. அதே நேரத்துல வீரபாகுவும் யோசிச்சாரு. "நாம வழி விடுவோம், நகருங்க பின்னாடி!"ன்னாரு. அந்தப் பல்லக்கும் பின்னால போச்சு. ரெண்டு ஊரும் எதிரெதிரே கும்பிடு போட்டுக்கிட்டே பின்பக்கமா நடக்குது. நடுக் கரை காலியாக் கிடக்குது!

வடிவு திரையை முழுசா விலக்கிப் பார்த்தா. புகுந்த வீட்டுக்குப் போக வேண்டிய பல்லக்கு பொறந்த வீட்டுக்குல்ல போகுது? வெயில் ஏறுது. அங்க யாரோ ஒருத்திக்குத் தலை பின்னுவாங்க, பூ வெப்பாங்க, குமரேசன் பக்கத்துல உக்கார வெப்பாங்க. மரியாதையா இருந்து மாப்பிள்ளையை விடறதா?

"முனியண்ணே, இறக்குங்க!"

"ஐயோ ஆத்தா, மாமா திட்டுவாரு."

"அவரு உங்களைத் திட்ட மாட்டாரு. 'நீங்க முதல்ல திட்டுங்க'ம்பாரு. இறக்குங்க!"

முனியன் சிரிச்சுக்கிட்டே இறக்கினான். வடிவு புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நடுக் கரைக்கு நடந்தா. "அடியே, வடிவு! கல்யாணப் பொண்ணு நடக்கறதாவது!"ன்னு மாமா கத்தினாரு. அவ காதுலயே வாங்கல. எதிர்ல பார்த்தா, அந்தப் பல்லக்குத் திரையும் விலகுது. செங்கமலம் இறங்கி வர்றா, அவளும் புடவையைச் செருகிக்கிட்டு.

முன்ன பின்ன தெரியாத ரெண்டு பொண்ணுங்க நடுக் கரையில நின்னாங்க. ஒருத்தியை ஒருத்தி பார்த்தாங்க.

"நீங்க முதல்ல பேசுங்க"ன்னா செங்கமலம்.

"நீயுமா?"ன்னா வடிவு.

அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கரை ஆடிப் போச்சு.

"சாப்ட்டீங்களா அக்கா?"

"நேத்து சாயங்காலம் சாப்ட்டது. கண்ணைக் கட்டுது."

செங்கமலம் மடியில இருந்து ஒரு அதிரசத்தை எடுத்தா. "மணையில உக்காரும்போது மயக்கம் வராம இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்." ரெண்டாப் பிட்டா. எந்தப் பாதி பெருசுன்னு ரெண்டு பேரும் பார்க்கல. வாயில போட்டுக்கிட்டாங்க.

அதிரசம் உள்ள போனதும் வடிவுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது.

"தங்கச்சி, உன் பல்லக்கு உன்னை இறக்கிட்டு எங்க போகும்?"

"எங்க ஊருக்குத்தான் திரும்பிப் போகும். ஆவாரங்குடிக்கு."

"நான் போக வேண்டிய ஊரு?"

"ஆவாரங்குடி."

"என் பல்லக்கு திரும்பிப் போக வேண்டிய ஊரு?"

செங்கமலம் கண்ணு விரிஞ்சுது. "கொன்றைமேடு! நான் போக வேண்டிய ஊரு! அக்கா, நீங்க என் பல்லக்குல ஏறுங்க, நான் உங்க பல்லக்குல ஏறறேன்!"

அதுக்குள்ள பெரியவங்களும் ரெண்டு பல்லக்கும் நடுக் கரைக்கே திரும்பி வந்தாச்சு. வீரபாகு மெல்லக் கேட்டாரு: "அப்ப யாரும்மா முந்திப் போறது?"

"யாரும் முந்தலீங்க பெரியப்பா. பல்லக்கு வந்த வழியே திரும்புது. தூக்கறவங்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாப் போதும். பல்லக்குக்கு ஏது முதுகு?"ன்னா செங்கமலம்.

"பல்லக்கு சரி. எங்க ஜனம் எப்படித் தாண்டும்?"ன்னாரு தாண்டவராயன். "பல்லக்கு கரையை அடைச்சுக்கிட்டு நிக்குதே?"

முனியன் முன்னால வந்தான். "நாங்க கையை நிமித்தி உசரத் தூக்கிப் பிடிக்கறோம் சாமி. நீங்க அடியில குனிஞ்சு வாங்க."

ரெண்டு பொண்ணுங்களும் பல்லக்கு மாறி ஏறினாங்க. தூக்கறவங்க 'ஹோ'ன்னு உசரத் தூக்கினாங்க. இந்த ஊர்க்காரங்க குனிஞ்சாங்க, அந்த ஊர்க்காரங்க குனிஞ்சாங்க. எதிர்ல வந்தவங்க தோளை இவங்க பிடிச்சுக்க, இவங்க தோளை அவங்க பிடிச்சுக்க, கும்மி அடிக்கற மாதிரி ஒரு சுத்து சுத்தி இடம் மாறினாங்க. யாரு முதல்ல, யாரு கடைசின்னு பார்க்க நேரமே இல்ல. தாண்டவராயன் குனிஞ்சாரு, பட்டுத் தலைப்பாகை ஏரியில விழுந்துடுச்சு. "பரவால்லீங்க, என்னோடதைக் கட்டிக்கோங்க"ன்னு வீரபாகு அவரு தலைப்பாகையை நீட்டினாரு. தாண்டவராயன் 'இல்ல, வேணாம்'னு சொல்ல வாயைத் திறந்தாரு. பல்லக்குக்குள்ள இருந்து வடிவு, "மாமா!"ன்னா. உடனே வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

அப்புறம் பாருங்க ஓட்டத்தை! மேளக்காரங்களுக்கு மூச்சு வாங்குது, வாசிக்கறதா ஓடறதான்னு தெரியல.

ஆவாரங்குடி எல்லையில ஜனம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. தூரத்துல வர்றது அவங்க ஊர்ப் பல்லக்கு! காலையில செங்கமலத்தை ஏத்தி அனுப்பின பல்லக்கு! அவ அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "ஐயோ, என் பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டாங்களே! என்ன குறை வெச்சேன்!" பக்கத்து வீட்டுக்காரங்களும் கூடச் சேர்ந்து அழுதாங்க. எதுக்குன்னு தெரியாமலே ஊரே அழுதுச்சு.

பல்லக்கு இறங்குச்சு. திரை விலகுச்சு. உள்ள இருந்து வாய் ஓரத்துல அதிரசத் தூளோட வடிவு எட்டிப் பார்த்தா.

"அழாதீங்கம்மா. உங்க பொண்ணு எங்க ஊர்ல இந்நேரம் மணையில உக்காந்திருப்பா. எனக்குப் பந்தல் எந்தப் பக்கம்?"

பந்தல்ல அத்தை மகளுக்குப் பாதித் தலை பின்னியாச்சு. வடிவு வர்றதைப் பார்த்ததும் முதல்ல குதிச்சவ அவதான். "அப்பாடா! இந்தக் கூரைப் புடவை உடம்பெல்லாம் குத்துது, எடுத்துக்கோங்க அக்கா!"ன்னு சொல்லிட்டு, பின்னாத பாதித் தலையோட சமையல் பக்கம் ஓடிட்டா. குமரேசனுக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு. அவன் அப்பா வெயிலைப் பார்த்தாரு, ஜோசியரைப் பார்த்தாரு. "இன்னும் நேரம் இருக்கு, உக்காருங்க உக்காருங்க!"ன்னு ஜோசியர் கையை ஆட்டினாரு.

தாலி ஏறுச்சு. ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு கெட்டிமேளம், அந்தப் பக்கம் ஒரு கெட்டிமேளம், ரெண்டும் தண்ணி மேல வந்து முட்டிக்கிச்சு.

பந்தியில ரெண்டு ஊர்க்காரங்களும் கலந்து உக்காந்தாங்க. சோறு விழுந்துச்சு, குழம்பு விழுந்துச்சு. "நீங்க..."ன்னு தாண்டவராயன் ஆரம்பிச்சாரு. பக்கத்துல இருந்தவரு அதுக்குள்ள ரெண்டாவது கவளத்துல இருந்தாரு. அவரும் சிரிச்சுட்டுக் கையை வெச்சாரு. அன்னிக்குக் காக்காதான் பட்டினி.

அதனால கேட்டுக்கோங்க: அடுத்தவங்க காரியம் நடக்கட்டும்னு வழி விடறதுதான் மரியாதை, நம்ம பேரு நிக்கட்டும்னு வழி விட்டா அது வெறும் வழிமறிப்புதான்.