மூன்றாவது ஹோஸ்

"ரெண்டு தடவ ஏசி ஹோஸ் மாத்திட்டேம்மா. ரெண்டு தடவயும் ஒரே வாரத்துல குளிர்ச்சி ஓடிப்போச்சு," என்றார் ஞானசிகாமணி.

"மாட்டுன கையோட காஸ் ஏத்திட்டியளா?" என்று கேட்டாள் ஹாஜிரா.

"பின்ன?"

அவள் அவருடைய பழைய கான்டெஸா காரின் முன்மூடியைத் தூக்கி வைத்தாள்.

மேலப்பாளையத்தில், பைபாஸ் ஓரம், ஒரு வேப்பமரத்தடி ஷெட்டில் கார் ஏசி வேலை பார்க்கிறவள் ஹாஜிரா. வயது முப்பத்து நாலு. அவளிடம் தொழில் நுணுக்கம் கேட்டு வந்து நின்றவர் அறுபத்திரண்டு வயதுக் கணக்கு வாத்தியார். வேலையிலிருந்துதான் அவர் ஓய்வு பெற்றிருந்தார், வாய்க்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. ரேடியோகூட நடுவில் மூச்சு வாங்கும், இவர் வாங்க மாட்டார்.

அவருடைய அவசரம் வேறு. ஈஸ்டருக்கு முந்தின வாரம் மனைவி எஸ்தரின் அக்கா இறந்துபோனாள். அன்றிலிருந்து எஸ்தர் பேசுவதில்லை. சோறு போடுவாள், துணி மடிப்பாள், ஜெபத்துக்கு உட்காருவாள்.

ஞானசிகாமணி வேதவசனம் சொல்லிப் பார்த்தார். வேடிக்கைக் கதை சொல்லிப் பார்த்தார். டாக்டர் சொன்னதைத் தன் பங்குக்கும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போய்வருவோமா என்று கேட்டபோது, அவள் வாய் திறந்தாள்.

"காரு வேகும்."

மூன்று மாதத்தில் அவர் கேட்ட இரண்டே வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் ஹோஸ் ஹோஸாக வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஹோஸையும் அவரே மாட்டினார். ஹாஜிரா பக்கத்தில் நின்று, மூட்டில் புது ரப்பர் வளையம் போடச் சொன்னாள், அதில் எண்ணெய் தடவச் சொன்னாள். அவர் காஸ் சிலிண்டரைத் தேடியபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். பம்பை மாட்டி, குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு வால்வை அடைத்து, பம்பை நிறுத்தி, மீட்டரைக் காட்டினாள். முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் நின்றது.

"இப்ப உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குக் காத்திருக்கோம்?"

"ஒண்ணும் இல்லாம அதால இருக்க முடியுதான்னு பாக்க. அரை மணி நேரம் முள்ளு அசையக் கூடாது."

பத்து நிமிஷம் போயிருக்கும். ஞானசிகாமணி முதல் ஹோஸ் வாங்கிய கடையைப் பற்றி ஆரம்பித்தார்.

ஹாஜிரா வால்வைத் திறந்துவிட்டாள். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. முள் ஏறிவிட்டது.

"ஏம்மா, லீக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க பேசிட்டிய."

பம்பை மறுபடி ஓடவிட்டாள்.

அடுத்த தடவை இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தார். அப்புறம் ஒரு தும்மல் வந்தது. தும்மியதோடு நிற்காமல் பைபாஸ் தூசியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டார். வால்வு திறந்தது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் மற்றவர்களை வாயை மூடச் சொன்ன ஆள் அவர். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று எழுந்தார். எஸ்தர் முகம் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் தடவை முள்ளை மட்டும் பார்த்தார்.

வேப்பம்பழம் ஒன்று காரின் கூரையில் விழுந்து உருண்டது. பைபாஸில் போன லாரிகள் தண்ணீருக்கு அடியில் போவதுபோல் கேட்டன. மீட்டரின் வெள்ளை முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஷெட், மரம், சாலை எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் போய்விட்டன.

அந்த வெள்ளைக்கு நடுவில் எஸ்தர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய குரல் குறுக்கே வந்தது. புடவையை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி வாயெடுத்தாள். மறுபடி அவருடைய குரல். எத்தனை தடவை என்று கணக்கு வாத்தியாரால் எண்ண முடியவில்லை.

"முள்ளு நிக்கி, அண்ணாச்சி," என்றாள் ஹாஜிரா. "இனி ஏத்தலாம்."

அவள் சொன்ன அரை மணி போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். காருக்குள் குளிர் ஜில்லென்று இறங்கியது. வல்லநாட்டு மலை வந்தது, போனது. ஞானசிகாமணியின் நாக்கு நுனியில் ஏழெட்டு விஷயம் துடித்துக்கொண்டிருந்தது. ஹோஸ் மாட்டிய கதையே அரை மணி நேரத்துக்கு வரும். ஒவ்வொன்றாக விழுங்கினார். இப்படி ஒரு பயம் அவருக்கு வகுப்பில் முதல் நாள்கூட வந்ததில்லை.

வாகைக்குளம் தாண்டியதும் எஸ்தர் கை நீட்டி ஏசியை அணைத்தாள். கண்ணாடியைச் சுற்றி இறக்கினாள். வெக்கைக் காற்று குப்பென்று உள்ளே வந்தது.

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா அன்னைக்கு மூணு தடவ போன் பண்ணுனா," என்றாள் எஸ்தர். "நான் எடுக்கல."