அலங்குக்குப் பல் போன கதை

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் உறவுமுறை சொல்லிப் பேசிக்கொண்டிருந்தபோது, அலங்குக்கு வாய் நிறையப் பல் இருந்தது. எறும்புத்தின்னி என்று இன்றைக்கு நாம் சொல்கிறோமே, அதே அலங்குதான். புளியங்கொட்டையைப் பொரிகடலை மாதிரிக் கடித்துத் தின்னும். அந்தப் பல்லைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்.

சிறுமலை அடிவாரத்து ஓடைக்கரையில் மாயக்கா என்றொரு பெண் அலங்கு இருந்தாள். விடிந்ததும் காட்டில் எல்லாரும் ஓடைக்கு வந்து வேப்பங்குச்சியால் பல் விளக்குவார்கள். ஒருநாள் மாயக்கா துப்பிய எச்சில் சிவப்பாக இருந்தது. பல் ஈற்றில் ரத்தம். அலங்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு: ரத்தம் கண்ட இடத்தை மூன்று நாள் தொடக் கூடாது. முள் குத்திய காலுக்கு அது நல்ல வழக்கம்தான். மாயக்கா அதை வாய்க்கும் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் குச்சியைத் தொடவில்லை. நான்காம் நாள் தேய்த்தாள். முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடி மூன்று நாள் விட்டாள். வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பைப் பார்த்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு நாம் வருகிறோமே, அதே புத்திசாலித்தனம்தான். இப்படியே இரண்டு மழைக்காலம் ஓடியது. அதற்குள் அவள் புருஷன் வேட்டைக்காரன் கண்ணியில் சிக்கிச் செத்துப்போனான். அவன் போன பிறகு ஒரு பெண் குட்டி பிறந்தது. நாச்சி என்று பெயர் வைத்தாள். அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பால் வற்றிய பிறகு, தாய் மென்று கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு.

மாயக்காவின் ஈறு வீங்கிக் கருஞ்சிவப்பானது. பல்லின் அடியில் மஞ்சளாகக் கல் மாதிரி ஒன்று படிந்தது. வலித்திருந்தால் அன்றைக்கே யாரிடமாவது ஓடியிருப்பாள். வலிக்கவில்லை, அதுதான் வினை. ஒருநாள் நாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆத்தா, ஒன் வாய் நாறுது" என்றது. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே கொண்டையனிடம் போனாள்.

கொண்டையன் ஒரு மரங்கொத்தி. காட்டில் எல்லாருக்கும் பல் சுரண்டிவிடுகிறவன் அவன்தான். செத்துப்போன புருஷனுக்குச் சேக்காளி. அதனால் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவான்.

"வாயை நல்லாத் தொறங்க மதினி. எம்புட்டு நாளா ரத்தம் வருது?"

"அது கெடக்கு ரெண்டு வருசமா. ரத்தத்தைக் கண்டா நான் தொடவே மாட்டேனே."

"தொடாமப் போனதுனாலதான் வருது. அழுக்கு தங்கித் தங்கிக் காரையாப் பிடிச்சு ஈத்துக்கு அடியில எறங்கிருச்சு. பல்லுல ஒரு கொறையும் இல்ல மதினி. அதைத் தாங்குற எலும்புதான் கரையுது. கரைஞ்ச எலும்பு திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்திரலாம்."

"என்ன செய்யணும்?"

"காரைய நான் எடுத்துர்றேன். நீங்க காலையிலயும் அந்தியிலயும் மெதுவாத் தேய்ங்க. ரத்தம் வந்தாலும் விடாதீங்க. உப்புத் தண்ணி கொப்புளிங்க. கொஞ்ச நாள்ல ஈறு இறுகிரும்."

அலகால் கொத்திக் கொத்திக் கீழ்வரிசைக் காரையை எடுத்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினான். மாயக்கா நாக்கால் தடவிப் பார்த்தாள். பல்லுக்குப் பல் சந்து. ஒன்றிரண்டு ஆடவும் செய்தன. பதறிப் போனாள்.

"ஐயையோ, ஆடுதே! நீ கொத்துறதுக்கு முன்ன கல்லு மாதிரி நின்னுச்சே!"

"கல்லுதான் மதினி நின்னுச்சு. பல்லு அப்பவே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"போதும் சாமி, நீ வைத்தியம் பாத்தது. எம்பிள்ளைக்கு மென்னு குடுக்க எனக்குப் பல்லு வேணும்."

மேல்வரிசையைத் தொடவிடாமல் எழுந்து வந்துவிட்டாள். அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்குப் பயந்துதான் செய்தாள்.

வழியில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதை உடைத்து, ஈர மண்ணைப் பிசைந்து, பல்லுக்கு இடையிலும் ஈற்றின் மேலும் அழுத்திப் பூசினாள். வெயிலில் வாயைத் திறந்து வைத்துக் காயவிட்டாள். செங்கல்லாக இறுகியது. ஒரு பல்லும் ஆடவில்லை. குட்டியிடம் சிரித்துக் காட்டினாள். கொண்டையன் இரண்டு தடவை தேடி வந்து கெஞ்சினான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தச் சித்திரையில் ஓடை வற்றியது. கொண்டையன் தண்ணீர் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். காட்டில் பழமில்லை, கிழங்கில்லை, காய்ந்த கொட்டைகள்தான் மிச்சம். ஒரு காலையில் மாயக்கா இலுப்பைக் கொட்டையை அழுத்திக் கடித்தாள். நொறுங்கியது கொட்டையில்லை. மண்ணும் சீழும் பல்லுமாகச் சேர்ந்து தரையில் விழுந்தது. நாலைந்து நாளில் மேலும் கீழும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டது.

கல்லால் கொட்டையை நசுக்கிக் கொடுத்துப் பார்த்தாள். ஓட்டுச் சிலாம்பு தொண்டையில் குத்தி நாச்சி கக்கியது. கரடியிடம் போய், "எம்பிள்ளைக்கு ஒரு வாய் மென்னு குடு தாயீ" என்று கேட்டாள். கரடிக்கும் இரண்டு குட்டிகள் இருந்தன. அது தலையைக் குனிந்துகொண்டது.

"ஆத்தா, மென்னு குடு" என்று நாச்சி கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் கேட்கவில்லை. மாயக்கா குட்டியை வயிற்றோடு சேர்த்து வைத்து, முகத்தை உள்ளே நுழைத்து, வாலால் சுற்றி மூடிக்கொண்டாள். உள்ளே சூடு அடங்கிப் போனது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் இரண்டு நாள் பிரியவில்லை.

பிறகு எழுந்தாள். நேரே அந்தப் புற்றுக்குப் போய் இரண்டு கையாலும் பிறாண்டினாள்.

"ஒன் மண்ணை நம்பித்தானே கெட்டேன்! எம்பிள்ளையக் குடு!"

வாயைத் திறந்து அழுதபோது, உடைந்த புற்றிலிருந்து கறையான்கள் நாக்கின் மேல் கொத்தாக விழுந்தன. மெத்தென்று இருந்தன. மெல்லாமலேயே தொண்டைக்குள் இறங்கின. மாயக்கா அப்படியே நின்றுவிட்டாள். பல்லே தேவைப்படாத சாப்பாடு. நாச்சியின் நாக்குக்கே அது போதும். அவள் மண் அள்ளிய அன்றைக்கும் அது அந்தப் புற்றுக்குள்தான் இருந்தது.

அன்று முதல்தான் அலங்கு இனத்தில் யாருக்கும் பல் முளைப்பதில்லை. அன்று முதல்தான் அவை புற்றைப் பிய்த்து, நாக்கை நீட்டிப் பிழைக்கின்றன. யாராவது கிட்டே வந்தால் முகத்தை உள்ளே வைத்து, வயிற்றைச் சுற்றிச் சுருண்டுகொள்கின்றன. இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் பிரிக்க முடியாது. பிரித்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.