ஜன்னல் பாட்டின் மூன்றாவது சரணம்

பொன்மலை ரயில்வே காலனியில் ஹில்டா மிஸ்ஸைத் தெரியாதவர்கள் இல்லை. ரயில்வே ஊழியர்கள் கூடும் இன்ஸ்டிட்யூட் ஹாலின் பின்னறையில் கிட்டார் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா தொடங்கிவைத்த பேண்டையும் விடாமல் நடத்தி வந்தார். அதிகம் பேசமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால், பதிலுக்கு ஒரு வேலை சொல்லி அனுப்புவார்.

அவரிடம் வந்து சேர்ந்த சிஷ்யர்களில் தாண்டவராயன் ஒருவர்தான் குருவைவிட வயதில் மூத்தவர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். லீவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையோடு ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

"இந்த வயசுல எதுக்கு?" என்று ஹில்டா மிஸ் கேட்கவில்லை.

"எந்தப் பாட்டு, டிரைவர் சார்?" என்றுதான் கேட்டார்.

"ஜன்னல் பாட்டு, மிஸ்."

"அது ஒண்ணு போதுமா?"

"அது ஒண்ணு போதும்."

அது ஒரு பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு. அதன் உண்மையான பெயர் வேறு. பல்லவியில் 'விண்டோ, விண்டோ' என்று திரும்பத் திரும்ப வரும். காலனியில் பலபேருக்கு அந்த ஒரு வார்த்தைதான் புரிந்தது. அதனால் ஜன்னல் பாட்டு என்றே பெயர் ஆகிவிட்டது. ஊதுபத்திப் புகை மாதிரி மெல்ல ஆரம்பிக்கும். மூன்றாவது சரணத்தில் கிட்டார் தனியாகக் கிளம்பி மேலே மேலே போகும். அந்தப் பாட்டு இல்லாமல் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் ஆண்டு விழாவும் முடிந்ததில்லை.

தாண்டவராயனின் மகன் சம்பத்துக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து போய்விட்டான். கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்னார்கள். பெற்றவளுக்கு அந்த வார்த்தை தொண்டையில் இறங்குமா? அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் மனசு நோகும் என்று இன்னொருவர் எடுப்பதில்லை.

கிட்டார் பையை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியபோதும் மனைவி மரகதம் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான்.

விரல் நுனியில் தோல் உரிந்தது. ஆறியது. மறுபடியும் உரிந்தது. தாண்டவராயன் விடவில்லை. அந்தப் பாட்டின் நல்ல ரெக்கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஒரு இடம் பிசகாமல் படித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது சரணத்தில் கிட்டார் தனியாக வருமே, அதற்கு லீட் என்று பெயர். அதை ஹில்டா மிஸ் அவரிடமே விட்டுவிட்டார்.

"ஆண்டு விழாவுல நீங்கதான் வாசிக்கிறீங்க."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அந்தோணியார் கோயில் வாசலில் நின்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் திருநீறு பூசுகிற மனிதர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஹால் கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தாண்டவராயன் மரகதத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள்.

ஜன்னல் பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் தட்டிக்கொண்டே பேண்டுப் பையன் ரெஜி பாடினான்.

ரிட்டயர்டு ரயில் கார்டு ஆஸ்வால்ட் முன்வரிசையிலிருந்து எழுந்தார். யாரோ ஒருத்தி எதிரில் நிற்பது போலக் கையை நீட்டிக் கண்ணை மூடி ஆட ஆரம்பித்தார். கேன்டீன் செல்லம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒர்க்ஷாப் ஃபிட்டர் பக்கிரி தொடையைத் தட்டிச் சிரித்தார். பங்குச் சாமியார் நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. மூன்றாவது வரப்போகிறது. தாண்டவராயன் மூச்சை இழுத்துக்கொண்டு விரலைத் தந்தியில் வைத்தார்.

மரகதம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஏதோ அவசரமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும். முதல் இரண்டு சரணமும் அசையாமல் கேட்பாள். அவர் விரலைத் தந்தியில் வைத்ததும் எழுந்து போய்விடுவாள். பாட்டு முடிந்த பிறகுதான் வருவாள்.

"நாள் நெருங்குது. விழாவுக்கு என்ன புடவை கட்டிக்கப் போற?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தார்.

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் மரகதம்.

கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

மறுநாள் வகுப்புக்கு வந்தவர் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"ம்."

"அதே பாட்டு. அதே ஹால். ஒருத்தர் ஆடுறார், ஒரு அம்மா அழுவுது, ஒருத்தர் சிரிக்கிறார். சாமியார் குறட்டை விடுறார். இதுல யார் கேட்டது சரி?"

"செல்லம்மா ஏன் அழுதாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியல, ஆனா வெங்காயம் நறுக்கினாப்ல இருக்குன்னு சொல்லுது."

"பக்கிரி?"

"சின்ன வயசுல இந்தப் பாட்டைக் கேக்கச் சுவர் ஏறி எட்டிப் பார்த்தாராம். வாட்ச்மேன் டிராயரைப் பிடிச்சு இழுத்துட்டானாம். அதை நெனச்சுச் சிரிக்கிறார்."

"ஆஸ்வால்ட் அங்கிள் யாரோட ஆடுறார்?"

"காத்தோட."

"டாரத்தி ஆன்ட்டியோட" என்றார் ஹில்டா மிஸ். "ஆன்ட்டி உயிரோட இருந்தப்போ புருஷனுக்கு ஆட வராது. காலை மிதிக்கிறார்னு திட்டுவாங்க."

தாண்டவராயன் கேட்க வந்த கேள்வி அது இல்லை.

"என் வீட்டம்மா எழுந்து போயிடுறா, மிஸ். சரியா நான் வாசிக்கிற இடத்துல. விழாவுக்கும் வரலைன்னு சொல்லிட்டா. எங்கேயாவது தப்பு பண்றேனா?"

"ஒரு தப்பும் இல்ல. ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே இருக்கு."

"அப்போ அவளுக்குத்தான் மனசு கல்லாப் போச்சு. யாருக்காக இதைக் கத்துக்கிட்டேன்னு அவளுக்குத் தெரியாதா?"

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாக ஹில்டா மிஸ் வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு, "ரெண்டாவது தந்தி இறங்கியிருக்கு. சரி பண்ணுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. விழாவுக்கு முந்தின கடைசி ஒத்திகை. ஜன்னல் பாட்டு ஆரம்பித்தது. ஆஸ்வால்ட் கையை நீட்டினார். செல்லம்மா மூக்கைத் துடைத்தாள். இரண்டாவது சரணம் முடியப்போகிற நேரத்தில் மரகதம் எழுந்து போனாள்.

ஹில்டா மிஸ் வாசித்துக்கொண்டே தாண்டவராயன் பக்கம் சாய்ந்தார்.

"டிரைவர் சார், என் ஸ்கூட்டர் பெட்டியில ஒரு தந்தி பாக்கெட் இருக்கும். எடுத்துட்டு வாங்க."

"இப்பவா? என் லீட் வருதே, மிஸ்!"

"இப்பத்தான்."

"அப்போ லீட்?"

"நான் வாசிக்கிறேன். போங்க."

சிக்னல் விழுந்தால் வண்டியை எடுத்தே பழகிய மனிதர். கிட்டாரை வைத்துவிட்டுப் போனார். முகம் மட்டும் சுருங்கிவிட்டது.

ஸ்கூட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. தகரக் கூரைக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரகதம் நின்றிருந்தாள். யாருடைய சைக்கிள் சீட்டின் மேலோ கையை வைத்திருந்தாள். அந்தக் கை தாளம் போட்டது.

அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

தாண்டவராயன் அப்படியே நின்றார். மரகதத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. காது பிடித்ததை வாய் சொன்னது. ஜெபம் சொல்வது போல மெதுவாக, ஆனால் ஒரு எழுத்தையும் முழுங்காமல் பாடினாள்.

ஹாலுக்குள் மூன்றாவது சரணம் ஆரம்பித்தது. அவளும் ஆரம்பித்தாள். ஏதோ ஒரு வரியின் பாதியில் சட்டென்று நின்றாள். நாக்கால் 'டொக்' என்று ஒரு சத்தம் வைத்தாள். உடனே கடைசிப் பல்லவிக்குத் தாவிவிட்டாள். உள்ளே கிட்டார் உயரே போய்க்கொண்டிருந்தது. அது காதில் விழாதபடி முந்தானையை ஒரு காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தன் பாட்டைப் பாடி முடித்தாள்.

திரும்பினாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க? உங்க இடம்தானே அங்க ஓடிட்டிருக்கு?"

"நீ பாடுவியா?"

"தெனம் பத்து தடவை போடுவான். பாடாம என்ன பண்றது?"

"மூணாவது சரணத்தைப் பாதியில விட்டுட்டியே."

"நானா விட்டேன்? அதுல அவ்வளவுதானே இருக்கு."

"எதுல?"

"அவன் கேசட்டுல." மரகதம் சைக்கிள் சீட்டிலிருந்து கையை எடுத்தாள். "ரேடியோவுல போட்டப்போ ரெக்கார்டு பண்ணான். நடுவுல கரண்ட் போயிடுச்சு. வந்தப்போ பாட்டு முடியிற இடத்துக்கு வந்திருச்சு. போச்சேம்மா, போச்சேம்மான்னு வீட்டைச் சுத்திச் சுத்திக் குதிச்சான். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. கரண்ட் போன இடத்துல டொக்குனு ஒரு சத்தம் வரும். அவன் கட்டில்லேருந்து டொக்குனு வைப்பான். நான் அடுப்படியிலேருந்து வைப்பேன். யார் சரியா வைக்கிறதுன்னு பந்தயம்."

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க டியூட்டி முடிஞ்சு விழுப்புரத்துல ரன்னிங் ரூம்ல தூங்கிட்டிருப்பீங்க."

சண்டையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனாலும் அவர் பக்கத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கேசட்டு?"

"டேப் ரெக்கார்டர் இழுத்துச் சாப்பிட்டுடுச்சு. எப்பவோ போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆசையாக் கத்துக்கிட்டீங்க. நல்லாத்தான் வாசிக்கிறீங்க, ஊரே சொல்லுது. அந்த இடம் வந்தா மட்டும் அது வேற யார் வீட்டுப் பாட்டோ ஆயிடுது. அதான், அது வர்றதுக்குள்ள நான் இங்க வந்து என்னதை முடிச்சுக்கிறேன்."

"நான் வாசிக்கிறது பிடிக்காம நீ எழுந்து போறதா நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க போங்க" என்றாள் மரகதம். முந்தானையால் முதலில் தன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவருடையதை.

தாண்டவராயன் ஹாலுக்குள் திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. ஆஸ்வால்ட் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சாமியாரை யாரோ எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தந்தி எங்க?" என்றார் ஹில்டா மிஸ்.

"பெட்டியைத் திறக்கவே மறந்துட்டேன், மிஸ்."

"பரவாயில்ல. அதுல ஒண்ணும் இல்ல."

தாண்டவராயன் தன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கேசட்டைப் பற்றிச் சொன்னார். கரண்ட் போனதைச் சொன்னார். அந்த 'டொக்'கையும் சொன்னார். சொல்லும்போது நாக்கு சரியாக வரவில்லை. இரண்டு தரம் வைத்துக் காட்டினார்.

ஹில்டா மிஸ் கேட்டு முடித்தார்.

"எந்த இடத்துல நிக்குது?"

"மூணாவது சரணத்துல. எங்கேயோ பாதியில."

"அதுக்கப்புறம்தானே உங்க லீட்."

"ஆமா."

"அங்க நிறுத்தினா லீட் இருக்காது."

தாண்டவராயன் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். காய்ப்பு ஏறிப் பளபளவென்று இருந்தன.

"இருக்க வேண்டாம், மிஸ்."

ரெஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ், மூணாவது சரணம் இல்லாம ஜன்னல் பாட்டா? ஜனங்க நாற்காலியைத் தூக்கி அடிப்பாங்க!"

ஹில்டா மிஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. தாண்டவராயனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கேயோ பாதியிலன்னு சொன்னா எனக்கு நிறுத்த வராது, டிரைவர் சார். எந்த வார்த்தைன்னு தெரியணும்."

"அது அவளுக்குத்தான் தெரியும்."

"அப்போ இனிமே இங்க வராதீங்க. விழா வரைக்கும் அவங்ககிட்டயே உட்கார்ந்து கத்துக்குங்க. அன்னிக்கு அவங்களையும் கையோட கூட்டிட்டு வாங்க, அவங்க டொக்குன்னு வைக்கிற இடத்துல நாங்க நிறுத்துறோம். அதுவரைக்கும் எங்களுக்கும் அந்தப் பாட்டு தெரியாது."