நினைவகம் நிறையக் கும்பிடு

பஸ் டிக்கெட் செயலி தினமும் மதியத்துக்குள் நினைவகம் நிரம்பி மூச்சு முட்டி நின்றது. இயக்குநர் அம்பலவாணனுக்குக் காரணம் புரியவில்லை. புரியாதபோது கூலிக்காரர் கழுத்தில் கைவைப்பதுதானே முதலாளி வழக்கம்?

"நினைவகத்தை விழுங்குறது யாருன்னு காட்டு. இன்னைக்கே வெளிய தள்ளணும். காட்டலேன்னா நீ கிளம்பு," என்றார் ஒப்பந்த ஊழியர் சகாயமேரியிடம்.

அவள் எல்லோர் முன்னும் பிழை தேடும் கருவியான டீபக்கரில் செயலியை நிறுத்தி, ஓடும்போது அது சேர்த்து வைக்கும் ஹீப் நினைவகத்தில் குவிந்து கிடந்ததைத் திறந்தாள். வரிக்கு வரி 'இயக்குநர் படம்'.

அம்பலவாணன் விழித்தார். "நான் எப்படி இதுக்குள்ள?"

"பக்கத்துக்குப் பக்கம் நீங்க கும்பிடற படம் வரணும்னீங்களே, சார். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு வந்து உக்காருது. பழசு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ஆளைக் காட்டிட்டேன். தள்ளிடட்டுமா?"

"படத்தை மட்டும் தள்ளும்மா," என்றார்.