ஊதுபத்திச் சோதனை

வேலூரில் அக்கினி நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், ஊட்டி மாப்பிள்ளை முதன்முறையாக மாமியார் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அறை குளிர்ச்சியாக இருந்தால் நான்கு நாள் தங்குவாராம். இல்லையேல் அன்றைக்கே மனைவியோடு கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடுவாராம். மகளைப் பார்க்க ஏங்கிக் கிடந்த நாகபூஷணத்தம்மாள் உடனே ஏ.சி. வாங்கினார். அதுவரை சரி. அறையின் உட்கூரையில் விளக்குப் பொருத்த அப்பாதுரை, ஏகாம்பரம், தேசிங்கு என்னும் சகோதரர் மூவரை அழைத்தார்.

“விளக்குக்கு ஓட்டை போட்டா, விளிம்பைச் சுத்திப் பட்டி மாவு குழைச்சு வெச்சு அடைச்சிடுங்க. குளிர் மேலே கசியக்கூடாது. கடைசியிலே ஊதுபத்தி கொளுத்திப் பாருங்க. புகை மேலே போச்சுன்னா இன்னும் சந்து இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையை அழைத்துவரப் பேருந்து நிலையம் சென்றார்.

மூவரும் விளக்கைப் பொருத்தினர், அடைத்தனர், ஊதுபத்தி கொளுத்தினர். புகை மேலே போயிற்று.

இன்னொரு பூச்சுப் பூசினர். போயிற்று. விளக்கையே கழற்றிவிட்டு, ஓட்டை முழுவதையும் பட்டியால் நிரப்பினர். அப்போதும் அது மேலேதான் போயிற்று.

“வெளக்கும் இல்லே, ஓட்டையும் இல்லே. அப்புறம் எங்கே போவுது?” என்றான் ஏகாம்பரம்.

“சந்து வேற எங்கியோ இருக்குது. தேடு” என்றான் மூத்தவன் அப்பாதுரை.

சமையலறையில் கொளுத்திப் பார்த்தனர். எதிர்வீட்டுக்குப் போய், அவர்கள் வீடும் கசிகிறது என்று மரியாதையாகத் தெரிவித்தனர். கடைசியில் நடுத்தெருவில் நின்று கொளுத்தினர். அங்கே புகை இன்னும் நேராக மேலே போயிற்று.

மூவரும் புகை போன வழியே அண்ணாந்து பார்த்தனர்.

“அண்ணே, நம்ம பட்டியிலே குத்தமில்லே” என்றான் இளையவன் தேசிங்கு. “ஓட்டை வானத்துலே இருக்குது.”

“அதான் ஊர்க் குளிரெல்லாம் போயிடுது. வேலூர்லே ஏன் இவ்ளோ வெயில்னு இன்னிக்குத்தான் புரியுது” என்றான் ஏகாம்பரம்.

பொழுது சாய்ந்ததும் ஆட்டோ வந்து நின்றது. மகளும் மாப்பிள்ளையும் இறங்கினர். நாகபூஷணத்தம்மாள் இருண்ட அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எங்கேய்யா வெளக்கு?”

“வெளக்கு கெடக்கட்டும்மா. மேலே பாருங்க” என்று அப்பாதுரை கைகாட்டினான். நட்சத்திரங்கள் தோன்றத் தொடங்கியிருந்தன. “ஓட்டை ஒண்ணு ரெண்டில்லே.”

எல்லாம் போயிற்று என்று அம்மாள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி வானத்தையே பார்த்திருந்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“நாலு நாள்லே முடியாது, அத்தே. ஏணியை நான் பிடிச்சுக்கறேன். உங்க பொண்ணு பட்டி குழைக்கட்டும்.”