அளவுக்கு நின்றவள்

மடத்தம்மாவிடம் கேள்வியோடு வருகிறவர்களில் அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு, சண்டை போட வருகிறவர்கள் உண்டு. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வேதரத்தினம் ஒருவர்தான்.

அவருக்கு அறுபத்தாறு வயது. அம்மாவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. கிட்டத்தட்ட அவர் மகள் வயசு. ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் "ஐயா" என்பாள். ஆற்றோரத்து அந்தச் சின்ன மடத்தில் ஆறு மாதமாக வாசல் கூட்டினார், தண்ணீர் இறைத்தார், வெங்காயம் உரித்தார். கேள்வியை மட்டும் கேட்கவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை. என்ன ஏது என்று அம்மாவும் விசாரிக்கவில்லை. அவள் சுபாவம் அது.

ஒரு வியாழக்கிழமை காலை, இட்லி சாப்பிட்ட கையோடு பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"கேட்டுடறேன் அம்மா. இதுக்கு மேல என்னால தாங்க முடியல."

"கேளுங்க ஐயா."

"என் பெண்டாட்டி என்னோட சந்தோஷமா இருந்தாளா?"

அம்மா பெட்டியைப் பார்த்தாள். "பதில் அதுக்குள்ளயா இருக்கு?"

"பதில் இருக்கோ இல்லையோ, என் வண்டவாளம் பூரா இதுக்குள்ளதான் இருக்கு."

திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் போட்டோக்கள்.

வேதரத்தினம் பொதுப்பணித் துறையில் கட்டடப் படம் வரைகிற வேலையில் இருந்தவர். ஆபீசில் வரைந்ததெல்லாம் மதகும் கால்வாயும். மனசு கிடந்ததோ கோயில் தூணிலும் கோட்டைச் சுவரிலும். கல்யாணமான புதிதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். விடியக் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிற ஊராக இருக்கவேண்டும். தரங்கம்பாடி, திருமயம், காரைக்குடி, கங்கைகொண்டசோழபுரம் என்று இருபத்தேழு வருஷம் சுற்றினார்கள். கேமரா அவர் தோளில், புளியோதரைப் பை அவள் கையில். "கொடுத்துவச்சவடி நீ, எங்க வீட்டு ஆளு கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போகமாட்டார்" என்று தெருப் பெண்கள் செண்பகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. வேதரத்தினமும் அப்படித்தான் நினைத்தார்.

அம்மா படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவசரமே இல்லை. தூண், கோபுரம், வளைவு, நிலைக்கதவு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண். வெளிர்நிறப் புடவை. வலது கை மேலே தூக்கியிருந்தது.

"எல்லாத்துலயும் முதுகுதானே தெரியுது?"

"அளவுக்கு அம்மா."

"என்ன அளவுக்கு?"

"தூணை மட்டும் எடுத்தா எத்தனை உயரம்னு படத்துல தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தான் தெரியும். செண்பகம் நாலடி பத்தங்குலம். கையைத் தூக்கினா சரியா ஆறடி. கணக்குப் போடச் சுலபம்."

"புடவை?"

"பூப் போட்டது, கட்டம் போட்டதெல்லாம் வேண்டாம்னுடுவேன். கண்ணை இழுக்கும். அவளுக்கு அரக்குன்னா உசிரு. ஞாயித்துக்கிழமை மட்டும் கட்டமாட்டா."

"முகத்தைக் காட்டி நிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"முகம் தெரிஞ்சா பாக்கறவங்க கண்ணு தூணை விட்டுட்டு முகத்துக்குப் போயிடும் அம்மா."

"போயிடும்தான்" என்றாள் அம்மா.

வேதரத்தினத்துக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச நேரம் படங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

"அவளுக்கு முட்டிவலி வந்து நிக்க முடியாமப் போச்சு. அதோட ஊருக்குப் போறதும் நின்னுபோச்சு. போன தை மாசம் அவளே போயிட்டா. மாலை போட ஒரு படம் வேணும்னு கேட்டா என் பொண்ணு மங்கை. இந்தப் பெட்டியைக் கவுத்துப் போட்டுத் தேடினேன். எழுநூத்துச் சொச்சம் படம் அம்மா. ஒண்ணுலகூட அவ முகம் இல்ல. கல்யாணப் படமும் எப்பவோ செல்லரிச்சுப் போச்சு. கடைசில ரேஷன் கார்டுல இருந்ததைப் பெரிசு பண்ணி மாட்டினோம். மங்கை என்னைப் பார்த்து, 'அம்மாவை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போகலப்பா நீங்க, அளவுகோலைத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? அவ சொன்னது நெஜம்னா நான் வாழ்ந்ததே வீண். நெஜமா இல்லையான்னு சொல்லவேண்டியவளும் இல்ல. நீங்கதான் சொல்லணும்."

அம்மா படங்களைப் பெட்டியில் வைத்தாள். "படம் எடுக்கும்போது அவங்ககிட்ட என்ன பேசுவீங்க?"

"பேச என்ன இருக்கு? திரும்பாதே, அசையாதே, வெளிச்சம் போயிடும். அவ்வளவுதான்."

"இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தூண் எது?"

யோசிக்கவே இல்லை அவர். "ஆலங்கரை. நூத்துக்கால் மண்டபத்துல தெக்கு வரிசை யாளித் தூண். அதுக்காகவே ரெண்டு தடவை போனோம்."

"நாளைக்கு நாம போவோம். கேமராவை எடுத்துக்குங்க. பெட்டியையும்."

"கேமராவுல பிலிம் இல்லம்மா."

"பரவாயில்ல."

மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ். வேதரத்தினத்துக்குப் பஸ்ஸில் ஏறியதும் பழைய தெம்பு வந்துவிட்டது. பாவம், கட்டடத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்து எத்தனை காலமாயிற்று! யாளி எப்படி ஒரே கல்லில் தூணோடு சேர்த்துச் செதுக்கப்பட்டது, அதன் வாய்க்குள் கல்லுருண்டை எப்படி உருளும், எந்த நேரத்து வெயிலில் எந்த வரிசை துலங்கும் என்று ஆலங்கரை வரைக்கும் விடாமல் பேசினார். அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தரம், "புளியோதரை எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். வெளிச்சம் இருக்கிறவரை சாப்பிட உட்காருவதில்லை என்று சொன்னார். அதற்குள் அது விறைத்துப்போய்விடும் என்றும் சொன்னார்.

மண்டபத்தில் கூட்டமில்லை. யாளித் தூணைக் கண்டதும் வேதரத்தினம் அப்படியே நின்றுவிட்டார். கண் நிறைந்துபோனது.

"கேமராவைக் குடுங்க. நீங்க போய்த் தூண்கிட்ட நில்லுங்க" என்றாள் அம்மா.

"நானா?"

"அளவுக்கு."

போய் நின்றார்.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"முட்டியை மடக்குங்க. அவங்க உயரத்துக்கு வரணும்."

"அம்மா, இந்த வயசுல..."

"மடக்குங்க ஐயா. கையைத் தூக்குங்க."

மடக்கினார், தூக்கினார். பிரகாரம் சுற்றிவந்த இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதலோ, பாவம்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வேதரத்தினத்துக்கு மானம் போயிற்று.

ஐந்து நிமிஷத்தில் கை கனத்தது. பத்து நிமிஷத்தில் முட்டி கெஞ்சியது. பின்னால் சத்தமே இல்லை.

"ஆச்சா அம்மா?"

"இன்னும் இல்ல."

எதிரே கல். மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம். வௌவால் நாற்றமும் பழைய எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. இந்தத் தூணின் உயரம் அவருக்குத் தெரியும், சுற்றளவு தெரியும், எந்த ராஜா காலத்தது என்பதும் தெரியும். ஆனால் இத்தனை கிட்டத்தில் அவர் நின்றதே இல்லை. நின்று என்ன செய்ய? அவர் வேலை பதினைந்தடி தள்ளி நிற்பது. கிட்ட நிற்கிற வேலை செண்பகத்துடையது.

வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் கல்லைப் பார்த்தார்.

யாளியின் பின்னங்காலுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு பொந்து மாதிரி இடம். அதற்குள் கட்டைவிரல் அளவில் ஏதோ இருந்தது. கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார். இரண்டு பெண்கள். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தி அவள் தலையைப் பிடித்துச் சாய்த்துப் பேன் பார்க்கிறாள். உட்கார்ந்திருக்கிறவளுக்கு வலி போலிருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவளோ நாக்கைத் துருத்திக்கொண்டு அதிலேயே குறியாக இருக்கிறாள். அடப்பாவி! இவ்வளவு பெரிய யாளியைச் செதுக்கிவிட்டு, யாருக்கும் தெரியாத மூலையில் இந்தக் குறும்பு பண்ணியிருக்கிறானே! தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு யாளியின் கால் மறைத்துவிடும். நாலடி பத்தங்குல உயரத்து ஆள், ஒரு சாண் தூரத்தில் நின்றால்தான் தெரியும்.

வேதரத்தினத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது.

"அம்மா, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

"அசையாதீங்க."

"இல்லம்மா, ஒரே ஒரு நிமிஷம். இதை வந்து பாருங்களேன், இவன் பண்ணியிருக்கிற வேலையை!"

"திரும்பாதீங்க ஐயா. வெளிச்சம் போயிடும்."

சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.

இந்த இடத்தில்தான் கூப்பிட்டாள். இங்கே மட்டுமா? திருமயத்தில் கோட்டைப் படியில் நின்று கூப்பிட்டாள். காரைக்குடியில் அந்தப் பெரிய வீட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். போன ஊரிலெல்லாம் கூப்பிட்டாள். கால் வலிக்கிறது போல, தாகம் போல, பசி போல என்று நினைத்துக்கொண்டு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அதையே சொன்னார். திரும்பாதே. அசையாதே. அவளும் பேசாமல் நின்றாள். பிறகு ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். எந்த வருஷத்தோடு விட்டாள்? அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தூணை விட்டு வந்தார். தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஆலங்கரைப் படங்களைத் தேடி எடுத்தார். இரண்டு இருந்தன.

ஒன்றில் தூண் அச்சாக விழுந்திருந்தது. செண்பகம் மட்டும் கலங்கலாக இருந்தாள். தோள் இரண்டும் குழம்பிப்போயிருந்தன. வலது கை மேலே இருக்க, இடது கை யாளியின் பின்னங்காலில் இருந்தது. ஒரு விரல் பொந்துக்குள் போயிருந்தது. பின்பக்கம் திருப்பினார். அவர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக இருந்தது: 'தெற்கு வரிசை யாளித் தூண். ஆள் அசைந்துவிட்டது. வீண்.'

படம் கழுவி வந்த அன்று அவளை என்னவெல்லாம் பேசினார்! "ஒரு நிமிஷம் ஒழுங்கா நிக்கத் துப்பில்லையா உனக்கு? ஒரு நாள் பூராப் பாழாப்போச்சு." நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் அதே தூணுக்கு மறுபடி கூட்டிவந்தார். அவளும் மறுப்புச் சொல்லாமல் வந்தாள்.

இரண்டாவது படத்தில் தூணும் தெளிவாக இருந்தது, செண்பகமும் தெளிவாக இருந்தாள். கல்லோடு கல்லாக நின்றிருந்தாள். இடது கை புடவைக்குள் ஒடுங்கியிருந்தது. பின்பக்கம் 'அருமை' என்று எழுதியிருந்தார்.

இரண்டு படத்தையும் அம்மாவிடம் நீட்டினார். அதற்குள் அழுகை முட்டிவிட்டது. அறுபத்தாறு வயது மனுஷன், நூற்றுக்கால் மண்டபத்தில் நட்டநடுவில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"சிரிச்சிருக்கா அம்மா. அவ சிரிச்சதுக்குத்தான் நான் வீண்னு எழுதியிருக்கேன்."

அம்மா படங்களைப் பார்த்தாள். பிறகு தூணுக்குப் போய்க் குனிந்து அந்தப் பொந்துக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மங்கை சொன்னது தப்பு" என்றார் வேதரத்தினம். "சந்தோஷமாத்தான் இருந்திருக்கா. ஊருக்கு ஊர் இப்படி எத்தனை பார்த்தாளோ! அத்தனையும் அவளா பார்த்து, அவளா சிரிச்சுட்டு, எங்கூட பஸ் ஏறி வந்திருக்கா. நான் பதினஞ்சடியில நின்னும் எனக்கு ஒண்ணும் தெரியல."

தூணில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேதரத்தினம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணு அம்மா. எனக்கு அதான் ஆறல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுக்கு வந்த பிறகாவது, சோறு போடும்போதாவது, 'இன்னைக்கு இப்படி ஒண்ணு பார்த்தேங்க'ன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே? இருபத்தேழு வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அம்மா கேமராவை அவர் மடியில் வைத்தாள்.

"கூப்பிட்டாங்களே, ஐயா."